எந்த வடக்கேவிளை?

அளந்து வைத்த அரிசிக்குள் ராஜம் அக்காவின் கை போனது. ஒரு பிடி அள்ளியது. அள்ளியதைத் திரும்பப் போடாமல், மூடிய கையோடு அந்த அடுக்களையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எதைத் தேடுகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

வெளியே கர்க்கடக மழை. உங்கள் ஆடி மாதத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், அதுதான் பெயர். கொடியில் காயாத துணிகளின் வாடையும் ஈர விறகின் புகையும் சேர்ந்து அடுக்களை முழுக்க நிறைந்திருந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி சரசம் அக்கா தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன வேணும் மக்கா?"

"டப்பா, சித்தி. பிடியரிசி போடுற டப்பா. எங்க வச்சிருக்கீங்க?"

சரசம் அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே கிணற்றடியைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு கோபமும் வந்தது. இந்தப் பாழாய்ப்போன அரிசியை இன்னும் ஒரு நாள் கழித்து அள்ளியிருக்கக் கூடாதா இந்த மனுஷி?

மகளின் வீட்டு ஓனர்

முதலில் ராஜம் அக்கா யார் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் தையல் மெஷினைப் பற்றி எழுதப் போய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் முடித்ததைப் படித்துவிட்டு, "உங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் வளைத்துப் பேசுவார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம் அம்மா, பேசுவோம். ஆனால் வந்து சேர்ந்துவிடுவோம்.

என் மகள் மலேசியாவில் ஜோகூரில் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டின் ஓனர்தான் ராஜம் அக்கா. எழுபது வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போதும் யாராவது ஹாரன் அடித்தால் திரும்பி முறைப்பார்.

"அம்மா, எங்க வீட்டு ஓனருக்கு அவங்க தாத்தாவுக்க வீட்டப் பாக்கணுமாம். நம்ம ஏரியாதான். நீ கூட்டிட்டுப் போ" என்று மகள் போனில் சொன்னபோது, எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். உதியன்குளங்கரையில் தையல் கடை போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். நாலு பஞ்சாயத்துப் பெண்களின் இடுப்பளவும் எனக்கு அத்துப்படி. ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாதா?

ராஜம் அக்கா வந்து இறங்கினார். என் வீட்டில் சாயா குடித்தபடி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். தாத்தா பெயர் செல்லையன். வாலிபத்தில் கப்பலேறி மலேயா போனவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வேலை. ஊருக்குத் திரும்பவே இல்லை. நெய்யாற்றின்கரை தாலுகா, தமிழ் பேசுகிற பக்கம். வீட்டுக்கு முன்னால் ஒரு அயனி மரம், பக்கத்தில் குளம்.

"நீங்க வேதக்காரங்கதானே? தாத்தா இங்கேயே ஞானஸ்நானம் எடுத்தவரா, அங்க போய் எடுத்தவரா?" என்று கேட்டேன். வேதக்காரர் என்றால் கிறிஸ்தவர்; எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்.

"அது தெரியலையேங்க. எனக்கு நெனவு தெரிஞ்சப்ப அவர் கோயிலுக்குத்தான் போய்க்கிட்டிருந்தாரு. ஆனா வீட்டுப் பேரு நல்லாத் தெரியும். செத்துப்போற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. வடக்கேவிளை."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டோம்.

எல்லா ஊருக்கும் ஒரு வடக்கு

எங்கள் பக்கத்தில் தெருப் பெயர், கதவு எண் எல்லாம் அரசாங்கத்தின் சமாதானத்துக்கு. ஆளுக்கு அடையாளம் வீட்டுப் பெயர்தான். விளை என்றால் தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் போட்ட மேட்டு நிலம். குடும்பம் பெருத்து, ஒரு மகன் வடக்கே இருக்கிற விளையில் வீடு வைத்தால் அது வடக்கேவிளை. கிழக்கே வைத்தால் கிழக்கேவிளை. எங்கள் முன்னோர்களுக்குக் கற்பனை அவ்வளவுதான்.

ஆக, ஊருக்கு ஒரு வடக்கு இருக்கிற வரைக்கும் ஊருக்கு ஒரு வடக்கேவிளையும் உண்டு. என் கடையில் வடக்கேவிளை என்று யாராவது தைக்கக் கொடுத்தால், "எந்த வடக்கேவிளை?" என்று கேட்காமல் துணியை வாங்க மாட்டேன். ஒருமுறை வாங்கி, சட்டை மாறிப்போய், இரண்டு வீட்டு மருமகள்களும் என்னைக் கடைவாசலில் வைத்து வறுத்தெடுத்தார்கள். செல்லையன் என்ற பெயரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அது இல்லாத வீடே கிடையாது.

இருந்தாலும் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் எங்கள் பழைய காரை எடுத்தார். முன்சீட்டில் ராஜம் அக்கா உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

முதல் வடக்கேவிளை உதியன்குளங்கரையிலேயே இருந்தது. அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுத் திருவனந்தபுரம் போய்விட்டது. அதற்கு முந்தியவர்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

காஞ்சிரங்குளத்து வடக்கேவிளையில் எங்களை உள்ளேயே விடவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர், "பங்கு கேட்டு வந்திருக்கியளா?" என்றார். வெளிநாட்டிலிருந்து ஒரு சொந்தம் திடீரென்று முளைத்தால் எங்கள் ஊரில் முதலில் வருகிற பயம் அது. ராஜம் அக்கா, "எனக்கு உங்க நெலம் வேணாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். அவர் நம்பவில்லை. நாய் மட்டும் வாலாட்டியது.

அன்று திரும்பி வரும்போது ராஜம் அக்கா அந்த இல்லாத பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் சொன்னார்: "எங்க தோட்டத்துல எல்லாரும் எங்கள ஊர்க்காரங்கம்பாங்க. இங்க வந்தா மலேசியாக்காரிங்கறாங்க. ஒரு வாசல்லயாவது, 'ஆமா, உங்க தாத்தா எங்க வீட்டு ஆளுதான்'னு யாராவது சொல்லிட்டாப் போதும்லா. அதுக்குத்தான் வந்தேன்."

வராத சேதி

குன்னத்துகால் வடக்கேவிளைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். ராஜம் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, "இந்தப் பால்மரத்தை வெட்டத்தானே எங்காளுங்க கடல் தாண்டி வந்தாங்க? இது இங்கேயே வந்துருச்சே" என்று சிரித்தார்.

வீட்டு முன்னால் ஒரு அயனி மரம் நின்றது. பக்கத்தில் பாசி படர்ந்த ஒரு குளம். ராஜம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டுக்காரர் சுகுமாரன் அண்ணன், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்துக் குடும்பம். நாங்கள் செல்லையன் என்று சொல்லி, மலேயா என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சிட்அவுட் வராந்தாவில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க அப்பனுக்க அண்ணன். எடி சரசம், இங்க வா! பெரியப்பனுக்க சேதி வந்திருக்கு!"

பெரியப்பா செல்லையன் கப்பலேறிப் போனவர். பினாங்கில் இறங்கினார் என்பதுதான் கடைசியாக வந்த தகவல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கர்க்கடக வாவுக்கும், அதாவது ஆடி அமாவாசைக்கு, அந்த வீட்டு ஆண்கள் ஆற்றங்கரையில் செத்தவர்களுக்கெல்லாம் பிண்டம் வைத்துப் பலியிடுவார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் கிடையாது.

"உசிரோட இருக்கிறவனுக்குப் பிண்டம் வச்சா ஆயுசு குறையும்ணு அப்பன் சொல்லும். செத்துப்போச்சுண்ணு ஒரு ஆளு அங்கேருந்து வந்து சொல்லணும், அதுவரைக்கும் இடப்பிடாதாக்கும். அப்பன் சாகும்போ என் கையைப் பிடிச்சு இதையேதான் சொல்லிச்சு. அண்ணனுக்க சேதி வந்தா விட்டுராதே மக்கா, நான் இடாததை நீ இடணும்."

இத்தனை வருஷத்தில் பெரியப்பா உயிரோடு இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, ஒருத்தர் வந்து சொல்வது வேறு.

"எங்க தாத்தா நான் பள்ளிக்கூடம் போறப்பவே இறந்துட்டாங்க" என்று ராஜம் அக்கா சொன்னதும், அந்தப் பெரிய மனுஷன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்துவிட்டு முறை பார்த்தார். பெரியப்பாவின் மகன் வயிற்றுப் பேத்தி, ஆக மகள் முறை. நாலைந்து வயதுதான் வித்தியாசம். ராஜம் அக்கா வாய் நிறைய 'சித்தப்பா' என்று கூப்பிட்டார்.

மதம் வேறாக இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. "அங்க போய் வேதத்தில சேர்ந்திருப்பாரு, அதுக்கென்ன" என்றார் சுகுமாரன் அண்ணன். வாவுக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. ராஜம் அக்கா அந்த வீட்டிலேயே தங்கினார். நான் கண்டுபிடித்துக் கொடுத்த பெருமையில் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

அடுக்களைக்குத் திரும்புகிறேன்

வாவுக்கு முந்தின நாள் ராஜம் அக்காவைப் பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். மறுநாள் பலியிடுகிறவர் அன்று ஒருநேரம்தான் சோறு உண்ண வேண்டும். அந்த ஒருநேரச் சோற்றுக்குத்தான் அரிசி அளந்து வைத்திருந்தது. அதில்தான் ராஜம் அக்காவின் கை போனது.

பிடியரிசி என்பது எங்கள் மிஷன் சபைகளின் பழக்கம். சோறு பொங்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். கையில் பணமில்லாத பெண்கள் சோற்றிலிருந்து கொடுத்த காணிக்கை அது. எங்கள் சபையில் இன்னும் உண்டு. தாத்தா இதை இங்கிருந்துதான் கொண்டுபோயிருப்பார் என்று அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குப் பட்டுவிட்டது.

"அது என்னத்துக்கு மக்கா?" என்று சரசம் அக்கா கேட்டார்.

"எங்க வீட்டுப் பழக்கம் சித்தி. தாத்தா சொல்லித்தான் எங்கம்மா செஞ்சாங்க, எங்கம்மாவப் பாத்து நான். டப்பாவுல ஒரு பிடி விழலன்னா தாத்தா சாப்பிட உக்கார மாட்டாரு. ஊர்ல அவங்க அம்மா எடுத்து வைக்கிற அரிசிய, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு அவர்தான் தூக்கிட்டுப் போவாராம். சின்னதுல, வடக்கேவிளையிலேருந்து..."

அங்கேயே பேச்சு நின்றது. ராஜம் அக்கா என்னைப் பார்த்தார். இந்த முறை நான் கிணற்றடியைப் பார்க்கவில்லை.

தாத்தாவின் அம்மா பிடியரிசி எடுத்து வைத்தவர் என்றால், அந்த வீடு அப்போதே சபை வீடு. சுகுமாரன் அண்ணன் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் பிடியரிசி எடுத்தவர்கள் இல்லை. அவருடைய செல்லையன் வேறு. நம்முடைய செல்லையன் வேறு.

"அரிசியைக் கழுவுங்கக்கா, டப்பாவைப் பெறவு பாக்கலாம்" என்றேன். நாளைக்கு அந்த மனுஷன் ஆற்றில் முங்கி எழட்டும், அவர் அப்பாவின் ஆசை நிறைவேறட்டும், அதற்கப்புறம் உண்மையைப் பற்றி யோசிக்கலாம் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

ராஜம் அக்கா கழுவவில்லை. மூடிய கையோடு சிட்அவுட்டுக்குப் போனார்.

ஒருநேரச் சோறு

சுகுமாரன் அண்ணன் எள்ளைக் காகிதத்தில் மடித்து, தர்ப்பையோடு சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா" என்று தொடங்கிய ராஜம் அக்கா, "அண்ணே" என்று மாற்றினார். "எங்க தாத்தா உங்க பெரியப்பா இல்லண்ணே."

பிடியரிசி விஷயத்தை நான்தான் விளக்கினேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "செரிதான். இந்த வீட்டிலேருந்து உங்க சபைக்கு அரிசி போனதில்ல கேட்டியளா" என்று மட்டும் சொன்னார். எள்ளுப் பொட்டலத்தை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். "அப்போ நாளைக்கு ஆத்தில பெரியப்பனுக்கு இடண்டாம். சேதி வரல்லியே."

உள்ளேயிருந்து சரசம் அக்கா சோறு ஆயிற்று என்றார். "எனக்கு வேண்டாம். நீங்க உண்ணுங்கோ" என்றார் அவர்.

யாரும் உண்ணவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அயனி இலைகள் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தன. ராஜம் அக்கா படியில் உட்கார்ந்தார். போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சுகுமாரன் அண்ணன் கேட்டார். "ராஜம், ஒண்ணு சொல்லு. அங்க ஆருமில்லாம செத்துப்போறவங்கள என்ன செய்வாவ?"

ராஜம் அக்கா மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆருமில்லாமன்னு ஒருத்தரும் இல்லண்ணே" என்றார். "பொண்டாட்டி புள்ள இல்லாதவங்க நெறயப் பேர் இருந்தாங்க. செத்தா எங்க தாத்தாதான் மொதல்ல மண்வெட்டி எடுப்பாரு. எங்க ஆளுங்கன்னா ஜெபம் பண்ணுவாங்க. உங்க ஆளுங்கன்னா, தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டியாந்து தேங்கா ஒடைச்சு, கொள்ளி வைக்கச் சொல்லிட்டு, தாத்தா தள்ளி நிப்பாரு. மழை பெஞ்சாலும் தலையில துண்டு போட மாட்டாரு. நானே பாத்திருக்கேன். செத்தவன் எந்த ஊருன்னு யாராவது கேட்டா, நம்மூருன்னுதான் சொல்வாரு. எந்த ஊர்க்காரனா இருந்தாலும் அவருக்கு நம்மூருதான்."

"எல்லாத் தோட்டத்திலயும் அப்படி உண்டா?"

"எல்லாத் தோட்டத்துலயும் ஒருத்தராவது இருந்தாங்கண்ணே. இல்லன்னா நாங்க எப்படி அங்க பொழச்சிருப்போம்?"

சுகுமாரன் அண்ணன் எழுந்து, எள்ளுப் பொட்டலத்தை அலமாரியிலிருந்து இறக்கினார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சரசம், சோறு எடு."

அந்த ஒருநேரச் சோற்றை அவர் மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உண்டார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கை கழுவும் சாக்கில் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சரசம் அக்கா ஒரு பழைய பால்பொடி டப்பாவைக் கழுவித் துடைத்து நீட்டிக்கொண்டிருந்தார். ராஜம் அக்காவின் கை அப்போதுதான் திறந்தது. வியர்வையில் அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றங்கரை

மறுநாள் காலை நெய்யாற்றங்கரையில் நல்ல கூட்டம். மைக்கில் ஒருவர் சொல்லச் சொல்ல, ஈர வேட்டியோடு வரிசை வரிசையாக உட்கார்ந்தவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். செத்தவர்களின் பெயரையும் நாளையும் மனதில் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சுகுமாரன் அண்ணன் அப்பாவுக்கு வைத்தார். அம்மாவுக்கு வைத்தார். அடுத்த பிண்டத்தைக் கையில் எடுத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து ஆற்றுக்குப் போய்விட்டார்கள்.

அவர் திரும்பி, படித்துறையின் மேலே எங்களோடு நின்ற ராஜம் அக்காவைப் பார்த்தார்.

"ராஜம், நீ ஒரு வாக்கு சொல்லு. இல்லேங்கி கை தாழமாட்டேங்குது."

ராஜம் அக்கா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, மழையில் இரண்டு படி கீழே இறங்கினார். தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"செத்துட்டாங்க, சித்தப்பா" என்றார். "தனியா விடல. நாங்க பாத்துக்கிட்டோம்."

சுகுமாரன் அண்ணனின் கை தாழ்ந்தது.

"இது பொய்யில்லியா?" என்று என் வீட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தார். அவர் சபையில் கமிட்டி மெம்பர். "சும்மா இரும்" என்றேன்.

டப்பா

ராஜம் அக்காவின் தாத்தா பிறந்த வடக்கேவிளையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இன்னும் எத்தனையோ வடக்கேவிளை பாக்கி இருந்தது. நான்தான், தேடலாம் வாங்க என்று கூப்பிட்டேன். "போதுங்க" என்று சொல்லிவிட்டார். விமானம் ஏறும்வரை குன்னத்துகாலிலேயே இருந்தார்.

அவர் போய்ச் சில வாரம் கழித்து சரசம் அக்கா போன் செய்தார். "எடீ, டப்பா நெறஞ்சாச்சு. வந்து கொண்டு போ."

"எந்த டப்பா?"

"பிடியரிசி டப்பா. தெனமும் போடுறேனே."

"நீங்க எதுக்கக்கா போடுதிய? உங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லியே."

"எனக்கா?" சரசம் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ராஜத்துக்க அரிசியாக்கும். அவ இங்க இருந்தா போடமாட்டாளா?"

போய் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், அரிசி வாங்குகிற பெண்கள் சங்கத்து அம்மாவிடம் டப்பாவை நீட்டினேன். என் வீட்டு அரிசி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் அவர் கேட்டார்: "இது எந்த வீடு?"

"வடக்கேவிளை."

அவர் சிரித்தார். இந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிறதைத்தான் அவரும் கேட்டார். "எந்த வடக்கேவிளை?"

"குன்னத்துகால் வடக்கேவிளை" என்றேன். "மலேசியாவில இருக்கிற ராஜம் அக்காவுக்க வீடு."